எழுதாத ஆசிரியர், எழுதத் தெரியாத பட்டதாரி: யார் குற்றம்?

திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் நிற்பவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கைநாட்டு வைக்கும் பாட்டிமார்கள் மட்டுமா நிற்கிறார்கள்? பி.காம். படித்தவர் நிற்கிறார். பி.சி.ஏ. முடித்தவர் நிற்கிறார். தன் தெருவில் சாக்கடை அடைத்துக் கிடக்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுத அவருக்கு இன்னொருவர் கை தேவைப்படுகிறது. காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்!

எழுதிக் கொடுப்பவரை நாம் குறை சொல்லவில்லை. அது அவருடைய ஹலாலான பிழைப்பு. பதினைந்து ஆண்டுகள் பள்ளியிலும் கல்லூரியிலும் உட்கார்ந்து எழுந்த நம் பிள்ளையைப் பற்றித்தான் கேட்கிறோம். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவனுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தது யார்? கற்றுக் கொடுத்தவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தது யார்?

எழுத்தறிவில் தமிழக முஸ்லிம்கள் பின்தங்கவில்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். உண்மைதான். 2006ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பை வைத்து, தமிழக முஸ்லிம்களில் சுமார் 83 சதவீதம் பேர் எழுத்தறிவு பெற்றவர்கள் என்றது. அப்போது மாநிலத்தின் மொத்தச் சராசரி 73 சதவீதத்துக்குச் சற்று மேல். அகில இந்திய அளவில் முஸ்லிம்களின் நிலையோ 59 சதவீதம்தான். பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் கணக்கெடுப்பில் எழுத்தறிவு என்பதற்கு என்ன அளவுகோல்? ஏழு வயது நிரம்பியவர், ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். அதையும் யாரும் பேனாவைக் கையில் கொடுத்துச் சோதிப்பதில்லை. வீட்டில் சொன்னதைப் பதிந்து கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த 83 சதவீதத்தில் எத்தனை பேரால் நடந்ததை நடந்தபடி நான்கு பத்தி எழுத முடியும்? அந்தக் கணக்கை எந்தக் குழுவும் எடுக்கவில்லை.

காவல் நிலையத்தில் யாருடைய வாக்கியம்?

இது என்ன பெரிய பிரச்சினை, எத்தனையோ பிரச்சினைகள் இருக்க இதைத் தூக்கிக் கொண்டு வருகிறீர்களே என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். கேட்பவர் கடை வைத்திருப்பவரானால் அவருக்கே இதைச் சொல்கிறோம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவு என்ன சொல்கிறது? புகாரை வாய்மொழியாகச் சொன்னாலும் காவல் அதிகாரி அதை எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். புகார் கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். பழைய சட்டத்தின் 154வது பிரிவிலும் இதேதான் இருந்தது. நல்ல சட்டம். ஆனால் வாக்கியம் யாருடையது? பத்துப் பேர் வந்து ஷட்டரை உடைத்துச் சரக்கைத் தெருவில் வாரிப் போட்டார்கள் என்று நீங்கள் வாயால் சொல்கிறீர்கள். இரு தரப்பினருக்கும் இடையே தகராறு ஏற்பட்டதில் கடைக்குச் சேதம் உண்டானது என்று தாளில் ஏறுகிறது. படித்துக் காட்டுகிறார்கள். தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டு விட்டு வருகிறீர்கள். உடைத்தவனும் உடைபட்டவனும் ஒரே வாக்கியத்தில் 'இரு தரப்பு' ஆகிவிட்டார்கள்! நாளை நீதிமன்றத்தில் அந்தத் தாள்தான் பேசும். உங்கள் கண்ணீர் பேசாது.

நேரம், இடம், யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதிய ஒரு தாளைக் கையில் எடுத்துக் கொண்டு போகிறவருடைய நிலை வேறு. எழுதியதைத் திருத்துவதற்கு யாரும் நாலு முறை யோசிப்பார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005ல். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கேள்வியைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு அது வாள். தெரியாதவருக்கு, கேட்ட தகவல் தெளிவாக இல்லை என்று ஒரு வரியில் கதவு மூடப்படும். ஜி.எஸ்.டி. நோட்டீசுக்குப் பதில் எழுதாமல் விட்டால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே உத்தரவு வந்து சேரும். ஆடிட்டர் எழுதிக் கொடுப்பார் என்பது சரி. அவர் எழுதியது உங்கள் வியாபாரத்தில் நடந்ததுதானா என்று படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்லவாவது தெரிய வேண்டாமா?

இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. செல்போனில் பேசினால் போதும், மனுவே எழுதித் தருகிறது, இனி எதற்குப் பள்ளியில் கட்டுரை என்கிறார்கள் நம் இளைஞர்கள். தம்பி, அதுவும் ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். காசு வாங்காமல் எழுதுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அது எழுதியதில் உன் வழக்கு இருக்கிறதா, யாரோ ஒருவருடைய வழக்கு இருக்கிறதா என்று பார்க்க உனக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடமான புகார்க் கடிதம்

பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுத் தருவதில்லையா? தருகிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பயிற்சி இருக்கிறது. உணவு விடுதியில் தரமில்லாத உணவைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டும். நல்ல பயிற்சி. பாடநூல் எழுதியவர்களைப் பாராட்ட வேண்டும். (ஓட்டல் நடத்தும் நம் சகோதரர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம்.)

வகுப்பறையில் அது என்ன ஆகிறது? உரைநூலில் இருக்கும் விடை கரும்பலகைக்கு வருகிறது. கரும்பலகையிலிருந்து நோட்டுக்குப் போகிறது. நோட்டிலிருந்து மனப்பாடமாகி விடைத்தாளில் இறங்குகிறது. நாற்பது பிள்ளைகளும் ஒரே விடுதியில், ஒரே நாளில், ஒரே கெட்டுப் போன சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள்! கட்டுரையும் அப்படித்தான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டால் மதிப்பெண். தனக்குத் தெரிந்த ஒன்றை, தன் சொல்லில், இன்னொருவருக்குப் புரியும்படி எழுதிய அனுபவம் ஒருமுறை கூட இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து விடுகிறது.

இதற்கு ஆசிரியரைத் திட்டினால் போதுமா? போதாது. அது அநியாயமும் கூட. ஒரு தமிழாசிரியருக்கு ஐந்து வகுப்பு என்றால், வகுப்புக்கு நாற்பது பேர் என்றால், ஒரு கட்டுரைக்கு 200 நோட்டு. ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் பதினாறு மணி நேரத்துக்கு மேல். அதற்கு நடுவே எமிஸ் பதிவு, ஸ்காலர்ஷிப் பட்டியல், தேர்தல் வேலை. அவர் சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டு நகர்வதைத் தவிர வேறென்ன செய்வார்? வேறு வழி உண்டு என்று அவருக்கு யார் காட்டிக் கொடுத்தார்கள்?

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு

ஆசிரியராக வருகிறவரை அரசு எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் தகுதித் தேர்வு: 150 கேள்வி, 150 மதிப்பெண். அத்தனையும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். நம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத் தரப் போகிறவர், ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் கூட எழுதாமல் அந்தத் தேர்வில் தேறி வந்து விடலாம்! நீச்சல் சொல்லிக் கொடுக்க ஆள் எடுக்கும்போது தண்ணீரைப் பற்றி 150 கேள்வி கேட்டு முடித்துக் கொள்வோமா?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களையும் இந்தத் தேர்வுக்கு இழுத்தது. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்றது. சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த வழக்கில் முதலில் நின்றதே ஒரு முஸ்லிம் கல்வி அறக்கட்டளைதான். அன்று முதல் நம் பள்ளித் தாளாளர்கள் கூடிப் பேசுவதெல்லாம் விலக்கு கிடைக்குமா என்பது பற்றியே. உரிமையை விட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை. சட்டப் போராட்டம் நடக்கட்டும். ஆனால் விலக்குக் கேட்கும் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, தேர்வு வேண்டாம் சரி, நம் ஆசிரியர்களை வளர்க்க நாம் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டாரா?

பணியில் சேர்ந்த பின் தரும் பயிற்சி எப்படி? நாட்கள் குறைவில்லை. 2001ல் தொடங்கிய சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் ஆண்டுக்கு 20 நாள் என்றார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. வட்டார வள மையத்தில் கூட்டுகிறார்கள், கையேடு கொடுக்கிறார்கள், திரையில் படம் காட்டுகிறார்கள். வருகைப் பதிவில் கையெழுத்து, தேநீர், பின்னூட்டப் படிவம், கலைந்து போவது. 2022ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. கொரோனாவால் இரண்டாண்டு பள்ளியை இழந்த சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அது தேவையான திட்டம்தான். ஆனால் அங்கே எழுத்து என்றால் அடிப்படை எழுதுதலும் வாசித்தலும். ஆறாம் வகுப்புக்கு மேல் கருத்தை எழுதக் கற்றுத் தருவது எப்படி என்று தமிழாசிரியரை உட்கார வைத்து, அவரையே எழுத வைத்து நடத்திய பயிற்சி என்று ஒன்றை உங்கள் ஊர் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். நினைவுபடுத்திச் சொல்லட்டும்.

உருது வழிப் பள்ளிகளின் கதை தனிக் கதை. 2006ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழ் கட்டாயம் என்றது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் தமிழ் படிக்க மறுக்கவில்லை. கற்றுத் தரப் போதிய தமிழாசிரியர் எங்கே என்றுதான் பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கிடைத்ததெல்லாம் தேர்வில் விலக்கு, மறுபடி விலக்கு. விலக்கு வாங்கிய பிள்ளைக்கு மதிப்பெண் பட்டியல் கிடைத்தது. தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு எழுதும் தமிழ் கிடைத்ததா?

கைதிகள் ஆசிரியரான வரலாறு

இந்தச் சமுதாயத்துக்கு இதைப் பிறர் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. ஹிஜ்ரி 2ல் பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் பணம் கட்டி மீள வழியில்லாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் என்ன கேட்டார்கள்? மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுங்கள், அதுவே மீட்புத் தொகை என்றார்கள். நேற்று வரை வாளேந்தி நின்ற எதிரி இன்று ஆசிரியர்! அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஆசிரியராக வந்தவருக்கு எழுதத் தெரிந்திருந்தது. பத்துப் பிள்ளைகள் எழுதக் கற்ற பிறகுதான் விடுதலை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதற்கு விடுதலை இல்லை.

வணிகப் பெருமக்களுக்கு இன்னொன்று. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? 2வது அத்தியாயம் 282வது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அந்த வசனத்தை ஓதும் நாம், பங்காளி வியாபாரத்தை வாய்ப்பேச்சில் ஆரம்பித்து, ஜமாஅத் பஞ்சாயத்தில் முடித்துக் கொள்கிறோம்.

பெர்க்லியில் என்ன செய்தார்கள்?

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு ஒரு தலைவலி. நல்ல மதிப்பெண் வாங்கி வந்து சேர்ந்த மாணவர்களில் பெரும்பகுதியினருக்கு ஒழுங்காக எழுத வரவில்லை. மாணவரைக் குறை சொல்லி நிறுத்திக் கொள்ளவில்லை அவர்கள். ஜேம்ஸ் கிரே என்பவர், பள்ளியில் ஆங்கிலம் நடத்திய அனுபவம் உள்ளவர், 1974 கோடை விடுமுறையில் அந்த வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் 25 பேரைக் கூட்டினார். பேராசிரியரை மேடையேற்றிச் சொற்பொழிவு ஆற்ற விடவில்லை. நன்றாகக் கற்றுத் தரும் ஆசிரியரே மற்ற ஆசிரியருக்கு ஆசிரியர் என்றார். எழுதக் கற்றுத் தருகிறவர் முதலில் தாமே எழுத வேண்டும் என்றார். வாரக் கணக்கில் நடந்தது அந்தக் கூட்டம். பிறகு அதுவே தேசிய எழுத்துத் திட்டமாக அமெரிக்கா முழுவதும் பரவி, ஏறத்தாழ 200 பல்கலைக்கழக மையங்களைத் தொட்டது. 1991 முதல் மத்திய அரசின் நிதி கிடைத்தது. 2011ல் அந்த நேரடி நிதியை வெட்டினார்கள். ஆனாலும் திட்டம் சாகவில்லை. காரணம், அது ஆசிரியர்கள் கையில் இருந்தது.

நம்மை ஆட்டிப் படைக்கும் வல்லரசின் சரக்கைப் புகழ்கிறீர்களே என்று கோபப்பட வேண்டாம். அவர்கள் அரசின் வெளிநாட்டுக் கொள்கை வேறு. ஒரு பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்த வழி வேறு. நல்ல வழி எங்கே கிடந்தாலும் எடுத்துக் கொள்ள நமக்குத் தடையில்லை.

அப்படி ஒரு பயிற்சியில் என்ன நடக்கும்? ஆசிரியர் தமக்கு நடந்த ஒன்றை எழுதி வருவார். மின்வாரியத்துக்கு எழுத வேண்டிய புகாராக இருக்கலாம், தம் வாப்பாவைப் பற்றிய இரண்டு பக்கமாக இருக்கலாம். நான்கைந்து ஆசிரியர் கொண்ட குழுவில் உரக்கப் படிப்பார். கேட்டவர்கள் எழுத்துப் பிழை தேடமாட்டார்கள். இந்த இடம் புரியவில்லை, இங்கே இன்னும் சொல்லுங்கள், இது எதற்கு என்று கேட்பார்கள். அவர் திருத்தி எழுதுவார். மறுநாள் மறுபடி படிப்பார். நாற்பது வயதில், தாம் எழுதியதை இன்னொருவர் கேள்வி கேட்கும்போது உள்ளுக்குள் என்ன ஆகிறது என்று அவருக்குத் தெரியும். தம் வகுப்பில் நோட்டை நீட்டிக் கொண்டு நடுங்கி நிற்கும் பையனின் நிலை அப்போதுதான் புரியும்.

அடுத்து, மாணவர் நோட்டுகளைக் கொண்டு வந்து நடுவில் வைப்பார்கள். ஒரே பிள்ளை முதலில் எழுதியது, திருத்தி எழுதியது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியது, எதைச் சொன்னதால் மாறியது என்று பேசுவார்கள். 200 நோட்டு மலையைக் குறைக்கும் வழியும் இங்கேதான் பிறக்கும். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சுழிக்க வேண்டியதில்லை. இந்த வாரம் வரிசை மட்டும், அடுத்த வாரம் சான்று மட்டும் என்று பார்க்கலாம். பிள்ளைகளே ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துக் கேள்வி எழுதலாம். ஒரு ஆசிரியர் தம் வகுப்பில் வெற்றி கண்ட பாடத்தை மற்றவர்கள் மாணவராக உட்கார்ந்து செய்து பார்ப்பார்கள்.

இதனால் பலன் உண்டா? அமெரிக்காவின் கிராமப்புற மாவட்டங்கள் பலவற்றில், குலுக்கல் முறையில் பாதிக்குப் பயிற்சி கொடுத்து, மீதிக்குக் கொடுக்காமல் வைத்துச் சோதித்தார்கள். 2015ல் முடிவு வந்தது. சான்று காட்டி வாதிடும் எழுத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் முந்தியிருந்தார்கள். ஆனால் அங்கே எழுத்துக்கென்று மட்டும் ஆண்டுக்கு 45 மணி நேரம், இரண்டு ஆண்டு. நம் 50 மணி நேரத்தில் கணினி, சுகாதாரம், சாலைப் பாதுகாப்பு எல்லாம் போக எழுத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்.

நம்மால் முடியாதா?

தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' நடத்தி, மார்க்கத்தையும் அரசியலையும் நல்ல தமிழில் எழுதிக் காட்டிய சமுதாயம் இது. அரபு லிபியில் தமிழை எழுதி நூற்றாண்டுக் கணக்கில் பெண்கள் வரை கொண்டு போன சமுதாயம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919லேயே வந்து விட்டது. சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951ல். பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971ல். கட்டியவர்கள் யார்? தோல் மண்டிக்காரர்களும் ஜவுளிக்காரர்களும் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்களும்தான். கட்டடத்துக்குக் கொடுத்த கை, கட்டடத்துக்குள் நிற்கிற ஆசிரியருக்குக் கொடுக்கக் கூடாதா?

கணக்குப் போடுவோம். சுற்று வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து 25 ஆசிரியர்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்று பிரிக்க வேண்டாம்; முஸ்லிம் ஆசிரியர் மட்டும் என்றும் வைக்க வேண்டாம், நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறவர் எவரானாலும் வரட்டும். பெண் ஆசிரியர்களே அதிகம் இருப்பார்கள், அவர்களுக்கு வசதியான நேரம் வைக்க வேண்டும். மே மாதத்தில் 20 நாள். சாப்பாடு, போக்குவரத்து, தாள், பேனா எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 500 ரூபாய் வைத்தால் இரண்டரை லட்சம். ஒரு பெரிய வலீமாவின் பிரியாணிச் செலவு அதைத் தாண்டும்! நடத்துவதற்கு வெளியூரிலிருந்து பேச்சாளர் தேவையில்லை. அந்த 25 பேரில் யார் வகுப்பில் பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்களோ அவர்தான் முதல் நாள் நடத்துபவர். அவர் யார் என்று ஊரில் பெற்றோருக்குத் தெரியும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அவரவர் மஹல்லாவில் உள்ள தமிழ், ஆங்கில ஆசிரியர்களின் பட்டியலை எடுங்கள். அவர்களிடம் போய்க் குறை சொல்லாதீர்கள்; எழுத்துக்காக மட்டும் ஒரு பயிற்சி வைத்தால் வருவீர்களா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். ஆம், எழுதி! அந்தப் பட்டியலோடு ஜமாஅத் கூட்டத்துக்கும் வணிகர் சங்கக் கூட்டத்துக்கும் போங்கள். நன்கொடை தருகிறவரிடம், பயிற்சிக்கு முன்னும் அடுத்த டிசம்பரிலும் அதே வகுப்புப் பிள்ளைகள் எழுதிய தாள்களைக் காட்டுவோம் என்று வாக்குக் கொடுங்கள். வியாபாரிக்குச் சரக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதில் தப்பில்லை.

இடத்துக்குக் கவலை இல்லை. நம் கல்லூரிகளின் வகுப்பறைகள் மே மாதத்தில் பூட்டித்தான் கிடக்கின்றன. நிர்வாகத்திடம் பிப்ரவரிக்குள் கடிதம் கொடுத்து விட வேண்டும். அதற்குப் பிறகு நுழைவுத் தேர்வு, போட்டித் தேர்வு என்று யாராவது கேட்டு வாங்கி விடுவார்கள்.